5,000 லீற்றரும் ஒரு சொட்டுக் குழாயும்: எழுவான்கரை வீடொன்றில் மூன்று மாரி

எங்கள் வீடு கல்லடிக்கும் களுவாஞ்சிகுடிக்கும் இடையில், மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையில் இருக்கிறது. கிழக்கே நடந்தால் கடல், மேற்கே நடந்தால் வாவி, நடுவில் மணல். வளவும் அதிலுள்ள, சீமெந்து வளையங்கள் இறக்கிய கொட்டுக் கிணறும் அம்மம்மாவிடமிருந்து அம்மாவுக்கும் அம்மாவிடமிருந்து எனக்கும் வந்தவை. வீட்டில் அம்மா, நான், அவர் (என் கணவர்), இரண்டு பிள்ளைகள் என ஐந்து பேர். குழாய்த் தண்ணீர் எங்கள் ஒழுங்கைக்கு இன்னும் வரவில்லை. மட்டக்களப்பு நகரத்துக்கு உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரைச் சுத்திகரித்துக் கொண்டுவருகிறார்கள். அது எங்களுக்கும் ஒருநாள் வரும். அதுவரை கிணறும் மழையும்தான்.

மூன்று மாரிகளாக இந்த வீட்டில் மழைநீரை 5,000 லீற்றர் சீமெந்துத் தாங்கியொன்றில் சேர்த்து வருகிறோம். முதல் வருடம் எல்லாம் சரியாகக் கட்டியிருந்தும் சித்திரை வருடப்பிறப்பு முடிந்த கிழமையே தாங்கி காலியானது. மூன்றாம் வருடம் அதே தாங்கி, அதே கூரை, புரட்டாதி மழை வரும்வரை தாங்கியது. இடையில் என்ன மாறியது என்பதை எழுதி வைத்தால் எங்களைப் போல மணலில் குடியிருப்பவர்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

கிணற்றின் கதை

தாங்கியைப் பற்றிப் பேசுமுன் கிணற்றைப் பற்றிச் சொல்லவேண்டும். மார்கழி, தை மாதங்களில் எங்கள் கிணற்றுக்குக் கயிறே தேவையில்லை. குனிந்து வாளியால் அள்ளலாம். மாசி, பங்குனி வரைக்கும் தண்ணீர் இனிப்பாக இருக்கும். பிறகு கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் மட்டம் இறங்கி, ஆனி, ஆடியில் நாக்கு சவர் என்ற உப்புக் கரிப்பை உணரும். ஆவணியில் தேத்தண்ணீர் கறுத்துவிடும், பருப்பு அவியாது, சவர்க்காரம் நுரைக்காது. குடிக்க வெளியிலிருந்து கானில் வாங்குவோம், இல்லாவிட்டால் தண்ணீர் வண்டியான பவுசர் வரும் நாளைப் பார்த்துக் குடங்களை வரிசையில் வைப்போம்.

மட்டக்களப்பில் மழை பெய்வதில்லை என்று யாரும் சொல்ல முடியாது. வருடத்துக்கு 1,600 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. ஆனால் அதில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையில், வாடைக்காற்றோடு வந்து முடிந்துவிடும். டிசம்பர் மாதத்தில் மட்டும் 400 மில்லிமீற்றர் அளவில் பெய்யும். மாசி நடுவிலிருந்து புரட்டாதி வரை ஏழு, ஏழரை மாதம் பெயருக்குத்தான் மழை. ஆகவே இங்கே கேள்வி எவ்வளவு பெய்கிறது என்பதில்லை. பெய்ததை ஏழரை மாதத்துக்கு எப்படி இழுத்துப் போவது என்பதே கேள்வி.

மணலுக்குள் இருக்கும் நல்ல தண்ணீரும் மழைதான். மணலில் இறங்கும் மழைநீர் அடியில் இருக்கும் கடல்நீரோடு சட்டென்று கலப்பதில்லை. கனம் குறைவு என்பதால் அதன்மேல் மிதக்கிறது. நல்ல நீர் கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி உயர்ந்து நின்றால், அதன் அடியில் ஏறத்தாழ 40 அடி வரை நல்ல நீர் இருக்கலாம் என்பது நிலத்தடி நீர் படித்தவர்களின் கணக்கு. இதைத் திருப்பிப் பார்த்தால் பயம் வரும். மேலே ஒரு அடி இறங்கினால், காலப்போக்கில் கீழிருந்து 40 அடி உப்பு மேலே வரும். கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள எங்கள் மணல்திட்டு அகலமானதல்ல, அதனால் நல்ல நீரின் தடிப்பும் குறைவு. அந்தக் காலத்தில் ஆழக் கிணறு வெட்டாமல் மணலில் கையால் பூவல் தோண்டி, ஊறும் தண்ணீரைச் சிரட்டையால் அள்ளிக் குடித்தவர்களுக்கு இது அனுபவத்தில் தெரிந்திருக்கிறது. மேல் தண்ணீர்தான் நல்ல தண்ணீர்.

நாங்கள் செய்தது அதற்கு நேர்மாறு. ஏழு வருடத்துக்கு முன் ஒரு கோடையில் கிணறு வற்றப் பார்த்ததும் இரண்டு கொட்டு இறக்கி ஆழமாக்கினோம். அவர் வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக்காரர். அவருடைய ஊர் மண்ணில் கிணறு வற்றினால் ஆழமாக்குவது சரியான வேலை. இங்கே ஆழமாக்கியதும் தண்ணீர் கூடியது, சவரும் கூடியது. அதோடு ஒரு மோட்டரும் பூட்டினோம். காலையில் ஒரு மணித்தியாலம் ஓடவிட்டு மேல்தாங்கியை நிரப்புவோம். மோட்டர் ஒரே இடத்தில் வேகமாக உறிஞ்சும்போது கிணற்றுக்கு நேர் கீழே இருக்கும் உப்புநீர் கூம்பு போல மேலே எழும்பும். முதல் பத்து நிமிடம் வந்த தண்ணீரையும் கடைசிப் பத்து நிமிடம் வந்த தண்ணீரையும் இரண்டு கோப்பைகளில் பிடித்துக் குடித்துப் பார்த்தபோதுதான் எங்களுக்கு அது விளங்கியது. ஒரே கிணறு, ஒரே காலை, இரண்டு ருசி.

அம்மா அப்போது சுனாமியை நினைவுபடுத்தினார். 2004 டிசம்பர் 26 க்குப் பிறகு கரையோரக் கிணறுகள் எல்லாம் உப்பாகிக் கிடந்தன. சேற்றையும் உப்பையும் எடுக்க மோட்டர் வைத்து இறைத்தார்கள். ஒருமுறை இறைத்துச் சேற்றை எடுத்தது சரி. திரும்பத் திரும்ப இறைத்த இடங்களில் சவர் குறையாமல் கூடியதையும், கடைசியில் உப்பைக் கழுவிக் கீழே இறக்கியது அடுத்தடுத்த மாரி மழைதான் என்பதையும் கிழக்குக் கரையில் பின்னர் நடந்த ஆய்வுகள் காட்டின. “நாங்க இறைக்க இறைக்க உப்புத்தான் வந்த. மழைதான் கிணத்தத் திருப்பித் தந்த” என்பார் அம்மா. கிணற்றை மழை திருத்தும் என்று நம்பிய அதே அம்மா மழைத் தண்ணீரைக் குடிக்க மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

கூரையும் பீலியும்

வீட்டின் முன்பாதி ஓட்டுக்கூரை. நிலத்தில் அளந்தால் 8 மீற்றருக்கு 5 மீற்றர், அதாவது 40 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர். ஓடு கொஞ்சம் உறிஞ்சும், கொஞ்சம் தெறிக்கும், கூரை விளிம்பில் தண்ணீரை ஏந்தும் பீலியில் கொஞ்சம் வழியும். எனவே 80 வீதம் கையில் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டோம். 400 மில்லிமீற்றர் பெய்யும் ஒரு டிசம்பரில் 12,800 லீற்றர். 5,000 லீற்றர் தாங்கி நிரம்ப 156 மில்லிமீற்றர் மழை போதும். எங்கள் ஊர் அடைமழையில் அது சில நாள் வேலை.

இந்தக் கணக்கைப் போட்டதும் ‘அப்படியென்றால் 10,000 லீற்றர் தாங்கி கட்டுவோம்’ என்று அவர் சொன்னார். காசு அதற்கு இடம் தரவில்லை. இப்போது யோசித்தால் அது நல்லதாகிப்போனது. பெரிய தாங்கி இருந்திருந்தால் எங்கள் பிழையைக் கண்டுபிடிக்க இன்னும் இரண்டு வருடம் பிடித்திருக்கும்.

கம்பியும் கோழிவலையும் சீமெந்தும் கொண்டு கட்டும் உருளைத் தாங்கியைத் தெரிவு செய்தோம். 1990களின் நடுப்பகுதியில் பதுளை, மாத்தறைப் பக்கங்களில் வீட்டு மழைநீர்த் தாங்கிகளைப் பரவலாகக் கட்டத் தொடங்கியபோது 5,000 லீற்றர் தாங்கிதான் வழக்கமான அளவு. 2005 இல் நாட்டுக்கென்று ஒரு மழைநீர்க் கொள்கை வந்தது. 2007 இல் நகர அபிவிருத்திச் சட்டத்தைத் திருத்தி, நகரப் பகுதிகளில் எழும் புதிய கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்க வழி செய்தார்கள். எங்கள் பழைய வீட்டை எந்தச் சட்டமும் தொடவில்லை. நாங்களாகத்தான் கட்டினோம்.

உள்விட்டம் 2 மீற்றர், உயரம் 1.6 மீற்றர். நிரம்பினால் தண்ணீர் மட்டும் 5 தொன் கனம். மணலை நனைத்து இடித்து, ஒன்றரை அடி உயரத்துக்கு அடித்தளம் போட்டு, அதன்மேல் எழுப்பினோம். அந்த ஒன்றரை அடிக்குக் காரணம் 2011 ஜனவரி வெள்ளம். அன்று முற்றத்தில் நின்ற தண்ணீரின் தடம் இப்போதும் சுவரில் இருக்கிறது. மேசன் கெட்டிக்காரர். ஆனால் பூசி முடித்த மூன்றாம் நாளே ஈரச் சாக்கை எடுக்க நான் சம்மதித்துவிட்டேன், அடுத்த வேலை காத்திருக்கிறது என்று மேசன் சொன்னதால். சீமெந்து இறுக வேண்டுமென்றால் ஒரு கிழமைக்குக் குறையாமல், முடிந்தால் இரண்டு கிழமை, ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். அந்த அவசரத்தின் விலையாக வடக்குப் பக்கத்தில் மயிரிழை வெடிப்பு ஒன்று வந்து, மூன்றாம் மாரிக்கு முன் உள்ளே பூசி அடைக்கும்வரை சுவர் வியர்த்துக்கொண்டே இருந்தது. முதலில் நிரம்பிய தண்ணீரை முழுவதும் வாழைக்கு விட்டோம். புதுச் சீமெந்தின் காரம் அதில் ஏறியிருக்கும்.

பீலி நினைத்ததைவிட அதிகம் படிப்பித்தது. 4 அங்குலப் பீவீசி குழாயை நெடுக்காகப் பிளந்து கட்டினோம். ஒரு சதுர மீற்றர் கூரைக்குப் பீலியின் வாயில் ஒரு சதுர சென்ரிமீற்றர் வேண்டும் என்பது கைக்கணக்கு. எங்கள் பாதிக் குழாயின் குறுக்களவு 40 சதுர சென்ரிமீற்றரைக் கொஞ்சம் தாண்டும், 40 சதுர மீற்றர் கூரைக்கு மட்டுமட்டாகப் பொருந்தும். தூறலுக்கு அது போதும். கார்த்திகையில் வானம் கிழிந்தாற்போல் கொட்டியபோது ஓட்டிலிருந்து வேகமாக வந்த தண்ணீர் பீலியைத் தாண்டிக் குதித்தது. தாங்கிக்கு வந்ததைவிட முற்றத்தில் விழுந்ததே அதிகம். பீலியின் வெளிவிளிம்பில் ஒரு சாண் உயரத்துக்குத் தகரப் பட்டி வைத்து மறித்ததும் அது நின்றது. மீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றர் சரிவும், பீலியைத் தாங்க இரண்டு அடிக்கு ஒரு பிடியும் வேண்டும். இந்த இரண்டாவதை நாங்கள் முதலில் செய்யவில்லை. நாலு அடிக்கு ஒன்று என்று கட்டியதால் பீலி நடுவில் தொய்ந்து, மழை விட்ட பிறகும் அங்கே தண்ணீர் நின்றது.

அந்தத் தொய்வு பெரிய ஆபத்தில் கொண்டுபோய் விட்டிருக்கும். தை மாதம் ஒழுங்கையில் இரண்டு பேருக்கு டெங்கு வந்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடு வீடாகப் பார்த்தார். தாங்கியைத்தான் சந்தேகத்தோடு பார்த்தார். அதன் வாய்க்கும் மிகைநீர்க் குழாய்க்கும் நுண்ணிய வலை கட்டியிருந்தோம், உள்ளே ஒன்றும் இல்லை. ஏணி வைத்துப் பீலியைப் பார்த்தபோது புழு நெளிந்தது. ஒரு கையளவு தண்ணீர், அதில் வேப்பம் சருகு, அவ்வளவுதான் அந்த நுளம்புக்கு வேண்டியது. முட்டை புழுவாகி நுளம்பாகப் பறக்க எட்டுப் பத்து நாள் போதும். அன்றே பிடிகளைக் கூட்டினோம். மழைநீர்த் தாங்கியால் நுளம்பு வரும் என்று பயந்து கட்டாமல் இருப்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: தாங்கியை மூடிவிடலாம், பீலியை மூட முடியாது. கண் பீலியில் இருக்கட்டும்.

கூரையில் காகம், அணில், வௌவால் எல்லாம் எச்சம் போடுகின்றன. முதல் மழை அதைக் கழுவிக்கொண்டு வரும். அதைத் தாங்கிக்கு விடாமல் தடுக்க, இறங்கு குழாய்க்கு முன்னால் 8 அடி நீளமான 4 அங்குலக் குழாய் ஒன்றை நிமிர்த்தி வைத்து அடியை மூடினோம். அதில் 20 லீற்றர் பிடிக்கும். கூரையின் முதல் அரை மில்லிமீற்றர் மழை அதற்குள் போய் நிரம்பிய பிறகே அடுத்தது தாங்கிக்குத் திரும்பும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அடி மூடியைத் திறந்து அந்தத் தண்ணீரை வெளியே விடவேண்டும். மகன் முதல் தடவை திறந்தபோது வந்த கறுப்புத் தண்ணீரைப் பார்த்துத்தான் வீட்டில் எல்லோருக்கும் அந்தக் குழாயில் நம்பிக்கை வந்தது.

முதல் மாரி: சித்திரையில் காலி

மாசி நடுவில் தாங்கி விளிம்பு வரை நின்றது. பார்க்கவே மனம் நிறைந்தது. சித்திரை வருடப்பிறப்புக்கு அடுத்த கிழமை குழாய் காற்று விட்டது. 5,000 லீற்றர், எழுபது நாள் கூடத் தாங்கவில்லை.

அம்மா குடிக்கவில்லை. “வானத்துத் தண்ணி சப்பெண்டு கிடக்கு புள்ள, குடிச்சாத் தடிமன் பிடிக்கும்” என்று கிணற்றுத் தண்ணீரையே குடித்தார். குடித்தது நாங்கள் நாலு பேர். அப்படியிருக்க 5,000 லீற்றர் எங்கே போனது? வெடிப்பில் கசிந்தது என்றார் அவர். நானும் முதலில் அப்படித்தான் நம்பினேன். ஆனால் அந்தக் கசிவு சுவரை ஈரமாக்கியதே தவிர நிலத்தில் சொட்டவில்லை.

ஒருநாள் உட்கார்ந்து, தாங்கியில் தண்ணீர் இருந்த நாட்களில் என்னென்ன செய்தோம் என்று நினைவிலிருந்து எழுதினேன். பிள்ளைகளின் பள்ளிக்கூட உடுப்பு முழுவதையும் நான் தாங்கித் தண்ணீரில்தான் கழுவினேன். சவரில்லாத மென்மையான தண்ணீரில் சவர்க்காரம் கொஞ்சத்திலேயே நுரைக்கும், வெள்ளைச் சட்டை வெள்ளையாகவே இருக்கும். மகள் தலை முழுகினாள், முடி மிருதுவாக இருக்கிறதென்று. அவர் மோட்டார் சைக்கிளைக் கழுவினார், உப்புத் தண்ணீரில் கழுவினால் கறள் பிடிக்குமென்று. ஒவ்வொன்றுக்கும் நல்ல காரணம் இருந்தது. தாங்கிக்குத் தெரிந்ததெல்லாம் வாளிக் கணக்குத்தான்.

அப்புறம் குழாய். தாங்கியின் குழாயை இறுக்கி மூடினாலும் ஒரு சொட்டு விழும். அதைப் பார்த்தும் பாராமல் இருந்தோம், கீழே ஒரு கறிவேப்பிலைக் கன்று வளர்ந்ததில் சந்தோஷம் வேறு. அடுத்த மாரியில் தாங்கி நிரம்பியதும் மகள் இரவு எட்டு மணிக்கு அதன் கீழ் ஒரு வாளி வைத்தாள். காலை ஆறு மணிக்கு அளந்தால் 3 லீற்றருக்குக் கிட்ட இருந்தது. நாளுக்கு 7 லீற்றர். கோடை 200 நாளுக்கு 1,400 லீற்றர். தாங்கியில் கால்பங்குக்கும் மேலே, ஒரு றபர் வொஷருக்காக. அந்த எண்ணை அவள் சொன்னபோது நான் வெட்கப்பட்டேன். ஆவணி மாதத்தில் குடத்தோடு பவுசருக்குக் காத்து நின்ற நானே, மாசியிலிருந்து அந்தச் சொட்டைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

இரண்டாம் மாரி: சுவரில் 30 கோடு

ஐந்து பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் எவ்வளவு வேண்டும் என்று ஒரு கிழமை அளந்தோம். சோறு, கறி, தேத்தண்ணீர், பிள்ளைகளின் போத்தல்கள் எல்லாம் சேர்த்து நாளுக்கு 22 லீற்றர் வந்தது. தாங்கியின் அடியில் 10 சென்ரிமீற்றரில் வண்டல் படியட்டும் என்று விட்டுக் குழாய் வைத்திருந்தோம். மீதி 150 சென்ரிமீற்றர் உயரம் எங்களுக்கு. எங்கள் தாங்கியில் ஒரு சென்ரிமீற்றர் உயரம் என்பது 31 லீற்றர். நாளுக்கு 22 லீற்றர் எடுத்தால் கிழமைக்கு 5 சென்ரிமீற்றர் இறங்கும். 150 ஐ 5 ஆல் பிரித்தால் 30 கிழமை. மாசி நடுவிலிருந்து எண்ணினால் புரட்டாதியைத் தொட்டுவிடலாம்.

இந்த முயற்சியில் எல்லாவற்றையும் மாற்றியது இந்தக் கணக்குத்தான் என்று நான் நம்புகிறேன். தாங்கியின் வெளிச்சுவரில் 5 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக 30 கோடு கீறினோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகள் ஒரு தெளிவான பிளாஸ்ரிக் குழாயைத் தாங்கிக் குழாயில் மாட்டி, சுவரோடு உயர்த்திப் பிடித்துத் திறப்பார்கள். உள்ளே எந்த மட்டத்தில் தண்ணீர் நிற்கிறதோ அதே மட்டம் குழாயிலும் நிற்கும். மூடியைத் திறக்கத் தேவையில்லை, கோல் விட்டு அழுக்காக்கவும் தேவையில்லை. கிழமைக்கு ஒரு கோடு. இரண்டு கோடு இறங்கியிருந்தால் வீட்டில் விசாரணை.

உடுப்பும் குளிப்பும் மலசலகூடமும் திரும்பக் கிணற்றுக்கே போயின. மகளுடைய தலைக்கு மட்டும் கடைசி ஒரு செம்பு தாங்கித் தண்ணீர் என்று ஒப்பந்தம். தாங்கிக் குழாய்க்குப் புது வொஷர் போட்டு, பிடியில் ஒரு சின்னப் பூட்டும் மாட்டினோம். பூட்டு கடுமையாகத் தோன்றலாம். ஆனால் வீதியால் வருகிறவர்கள் கால் கழுவ முதலில் திறப்பது அந்தக் குழாயைத்தான்.

அந்த மார்கழியில் வெள்ளம் வந்து கிணற்றை மூடியது. மலகூடக் குழித் தண்ணீரும் முற்றத் தண்ணீரும் ஒன்றாக நின்றன. கிணற்றைத் தொடவே முடியாது. ஒன்றரை அடி மேடையில் நின்ற தாங்கிதான் எங்களுக்கும் பக்கத்து இரண்டு வீட்டுக்கும் நாலு நாள் தண்ணீர் கொடுத்தது. எழுவான்கரையில் நல்ல தண்ணீர் இரண்டு தரம் பஞ்சமாகும், ஆவணியில் ஒன்று, வெள்ளத்தில் ஒன்று. இரண்டாவதை நாங்கள் கட்டும்போது நினைக்கவே இல்லை. மழை நிற்காமல் பெய்ததால் கொடுத்த தண்ணீர் உடனேயே திரும்ப நிரம்பியது. அம்மா மழைத் தண்ணீரைக் குடிக்கத் தொடங்கியதும் அந்த நாலு நாளில்தான். கொதிக்க வைத்து, இஞ்சி போட்டுத் தேத்தண்ணீராகக் கொடுத்தேன். சாயம் சிவப்பாக இறங்கியதைப் பார்த்து, “மலைநாட்டுத் தண்ணி போலக் கிடக்கு” என்றார்.

கொதிக்க வைப்பதை நாங்கள் ஒருநாளும் விடவில்லை. கூரைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் பறவை எச்சத்தின் கிருமி அதில் இருக்கலாம். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் சின்ன மானி ஒன்று வாங்கியிருந்தோம். தாங்கித் தண்ணீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம், கிணற்றில் தையில் 350, ஆவணியில் 1,350 என்று காட்டியது. 1,000 ஐத் தாண்டினால் குடிக்கவே மனம் வராது என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவோடும் ஒத்துப்போகிறது. ஆனால் மானி கிருமியைக் காட்டாது. 50 என்று காட்டுவதைப் பார்த்துச் சிலர் அப்படியே குடிக்கிறார்கள், அது பிழை. நன்றாகக் கொதித்துக் குமிழ் எழும்பி ஒரு நிமிடம் நின்றால் போதும்.

வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு உறவுகள் வந்து ஒரு கிழமை நின்றார்கள். அந்தக் கிழமை மட்டும் மூன்று கோடு போனது. வந்தவர்களுக்குத் தண்ணீரை அளந்து கொடுக்க எங்களுக்கு மனமில்லை, அது சரியும் இல்லை. வெடிப்பை இன்னும் அடைக்காத வருடமும் அதுதான். ஆவணி கடைசியில் தாங்கி முடிந்தது. முதல் வருடத்தைவிட நாலு மாதம் கூட.

மூன்றாம் மாரி

புரட்டாதியில் தாங்கி காலியாக இருந்தபோதே உள்ளே இறங்கித் தேய்த்துக் கழுவி, வெடிப்பைப் பூசி, இந்த முறை இரண்டு கிழமை ஈரச் சாக்குப் போட்டோம். ஒருவர் உள்ளே இறங்கினால் இன்னொருவர் வெளியே வாயருகில் நிற்க வேண்டும், இதில் விட்டுக்கொடுப்பே கூடாது.

இன்னொரு பழக்கமும் மாறியது. முன்பு ஐப்பசியில் முதல் மழையைப் பிடித்து, அதைத் தொடாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தோம். அதில் அர்த்தமில்லை. மழை நாளில் தாங்கியைத் தாராளமாகப் பாவிக்கலாம், உடுப்பும் கழுவலாம், அடுத்த மழை நிரப்பிவிடும். பிடிக்க வேண்டியது கடைசி மழையை. தை கடைசியிலும் மாசியிலும் பெய்யும் அந்த நாலைந்து மழைதான் கோடைக்குப் போகும் தண்ணீர். அதற்குள் கூரையும் பல தடவை கழுவுப்பட்டுச் சுத்தமாக இருக்கும்.

சித்திரையில் இடியோடு வந்த மழைக்கும் இந்த முறை தயாராக இருந்தோம். முதல் நாளே கூரைச் சருகைக் கூட்டிப் பீலியைத் துடைத்து வைத்திருந்தோம். இரண்டு மழையில் எட்டுக் கோடு ஏறியது. சுவரில் மட்டம் மேலே போனதைப் பார்த்த பிள்ளைகளின் சத்தம் ஒழுங்கை முழுக்கக் கேட்டது.

கிணற்றுக்கும் சில வேலை செய்தோம். ஆழமாக்கிய அடிப்பகுதியைக் கழுவிய ஆற்று மணலாலும் சல்லியாலும் நிரப்பிப் பழைய ஆழத்துக்குக் கொண்டுவந்தோம். மோட்டரின் உறிஞ்சு குழாயை மேலே தூக்கினோம். ஒரு மணித்தியால ஓட்டத்தை நிறுத்தி, காலை, மத்தியானம், மாலை பத்துப் பத்து நிமிடமாக்கினோம். குளிக்கும் தண்ணீர் கிணற்றடியிலிருந்து தள்ளி ஓர் ஓடை வழியாக வாழைக்குப் போகிறது.

தாங்கியின் மிகைநீரைக் கிணற்றுக்குள் விடுங்கள் என்று பலர் சொன்னார்கள். தமிழ்நாட்டில் 2003 இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது பல வீடுகளில் அப்படித்தான் வடிகட்டி வைத்து விட்டார்கள். எங்கள் மணலில் எனக்கு அது தேவையாகப் படவில்லை. மணலே உறிஞ்சும், மணலே வடிக்கும். கிணற்றிலிருந்து தள்ளி, மலகூடக் குழியிலிருந்து அதைவிடத் தூரத்தில், ஒரு ஆழமில்லாத பள்ளத்தில் விட்டோம். ஐப்பசி, கார்த்திகையில் அது நன்றாக இறங்கியது. மார்கழியில் நிலத்தடி நீர் முற்றம்வரை வந்துவிடும். நிரம்பிய பாத்திரத்தில் மேலும் ஊற்ற முடியாதல்லவா? அப்போது பள்ளம் வெறும் குட்டையாக நிற்கும், நுளம்புக்கு இடமாகுமென்று வெட்டி வடியவிட வேண்டியதாயிற்று. ஆகவே மணலுக்குத் தண்ணீர் கொடுக்கும் காலம் மாரியின் முதல் பாதிதான். அந்த நேரத்தில் முற்றத்தைக் கொங்கிறீற்றாலும் கல்லாலும் மூடி, மழையை வீதி வடிகானுக்கு அனுப்பும் வீடுகள் ஒழுங்கையில் வருடாவருடம் கூடுகின்றன. எனக்கு அதைப் பார்க்கும்போது நெஞ்சு பதறுகிறது. மணலுக்குள் வேலி கிடையாது. அவர்கள் முற்றத்தில் இறங்காத தண்ணீர் எங்கள் கிணற்றிலும் இல்லை.

மூன்றாம் வருட ஆவணியில் கிணற்றில் மானி 1,100 காட்டியது. 1,350 இலிருந்து குறைந்ததுதான். ஆனால் அந்த வருடம் மழையும் நல்லது. மோட்டரை மாற்றியதால் எவ்வளவு, மழையால் எவ்வளவு என்று ஒரு வருட அளவை வைத்துப் பிரிக்க முடியாது. காலைத் தண்ணீருக்கும் மாலைத் தண்ணீருக்கும் ருசி ஒன்றாகிவிட்டது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

புரட்டாதி நடுவைத் தாண்டி, பின்னேர இடியோடு முதல் மழை விழுந்தபோது சுவரில் மூன்று கோடு மீதி இருந்தது. அந்தக் கோடை முழுக்கக் கான் வாங்கவில்லை, பவுசருக்கும் நிற்கவில்லை. மகன் நனைந்துகொண்டே ஓடிப்போய் முதல் மழைக் குழாயின் மூடி இறுகியிருக்கிறதா என்று பார்த்தான். பக்கத்து வீட்டு மாமி எங்கள் மேசனின் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு வாங்கினார். கூரையை முதலில் அளந்துவிட்டுப் பேசுங்கள் என்றும் ஈரச் சாக்கை இரண்டு கிழமைக்கு எடுக்க விடாதீர்கள் என்றும் சொல்லியிருக்கிறேன். எங்கள் வீட்டுப் பின்பாதிக் கூரையின் தண்ணீர் இன்னும் வேலிக்கு மேலால் ஒழுங்கையில்தான் விழுகிறது. இந்த ஐப்பசிக்குள் அதற்கும் பீலி கட்டி, தாங்கியில்லாவிட்டாலும் தென்னையடிப் பள்ளத்துக்காவது திருப்ப வேண்டும். பிடிகளை இரண்டு அடிக்கு ஒன்றாக ஏற்கெனவே வாங்கி வைத்துவிட்டோம்.